அடியாத மாடும் படியாத ரிங்கும்

‘அடியாத மாடு படியாது’ என்ற பழமொழியைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் நம்மில் குறைவு. பள்ளியில் ரோத்தான் தூக்கிய ஆசிரியரும், பல்கலைக்கழக விடுதியில் முதலாண்டு மாணவனை நள்ளிரவில் எழுப்பி நிற்கவைத்த சீனியரும் இதையேதான் வேறு வேறு வார்த்தைகளில் சொன்னார்கள். 2022இல் பினாங்கில் ஒரு பயிற்சி மருத்துவர் இறந்ததை ஒட்டி, மருத்துவமனைகளில் நடக்கும் பகடிவதை பற்றி நாடே பேசியது. சுகாதார அமைச்சு அதற்கென்று ஒரு பணிக்குழுவையும் அமைத்தது. அப்போதும் ‘நாங்களும் இப்படித்தான் வந்தோம்’ என்ற குரல் ஓயவில்லை.

இந்த நியாயத்தை நான் கேட்டதிலேயே கெட்டிக்காரத்தனமாகச் சொன்னவர் ஒரு ஃபோர்மன். இயந்திரப் பொறியியல் படித்தபோது கிள்ளானில் ஒரு மோட்டார் பட்டறைக்குப் பயிற்சிக்குப் போயிருந்தேன். புதுசாக யார் வந்தாலும் முதல் மாதம் முழுக்க அவரிடம் ஏச்சுதான். ஏன் அண்ணே என்று ஒருநாள் கேட்டதற்கு, கையிலிருந்த சிலிண்டர் பிளாக்கைக் காட்டினார். “வழவழன்னு இருந்தா ரிங் படியாது தம்பி. கல்லு போட்டுக் கீறினாத்தான் படியும். மனுசனும் அப்படித்தான்.”

இதைச் சும்மா சிரித்துத் தள்ளிவிட முடியாது. அவர் சொன்ன பாதி, தொழில்நுட்ப ரீதியில் சுத்தமான உண்மை.

பழைய ஈஎக்ஸ்5இன் 97 சிசி இன்ஜினை எடுத்துக்கொள்வோம். 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள வார்ப்பிரும்புச் சுவருக்குள் பிஸ்டன் ஏறி இறங்குகிறது. பிஸ்டனைச் சுற்றி மெல்லிய ரிங்குகள். வருடக்கணக்கில் ஓடிய பிறகு அந்தச் சுவர் தேய்ந்து, எண்ணெய் வெந்து படிந்து, கண்ணாடி மாதிரி மினுங்கும். பட்டறையில் இதைக் ‘கிளேஸ்’ என்பார்கள். அந்த மினுக்கத்தின் மேல் புது ரிங்கை அப்படியே போட்டால் சரியாகப் படியாது. வாயு கீழே கசியும், எண்ணெய் மேலே ஏறும், சைலன்சரில் நீலப்புகை வரும்.

காரணம், கண்ணுக்குக் கச்சிதமான வட்டமாகத் தெரியும் ரிங்கும் சுவரும் மைக்ரோன் கணக்கில் பார்த்தால் மேடுபள்ளம். இரண்டும் கொஞ்சம் உரசிக்கொண்டால்தான் ஒன்றின் வடிவம் மற்றதற்குப் பழகும். அதனால்தான் ஹோனிங். கல்லைச் சுழற்றிக்கொண்டே சீரான வேகத்தில் மேலும் கீழும் இழுக்கும்போது, ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் நுண்கோடுகள் விழுகின்றன. பொதுவாக 45லிருந்து 60 பாகைக் கோணத்தில் அவை வெட்டிக்கொள்ளும். கோடுகளின் மேடுகள் சீக்கிரமே தேய்ந்து ரிங்கைப் படியவைக்கும். பள்ளங்கள் எண்ணெயைப் பிடித்துவைத்து, அதற்குப் பிறகு இரும்பு இரும்பைக் கடிக்காமல் காக்கும்.

ஆக, உரசல் வேண்டும் என்பதில் ஃபோர்மனோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. கல் எதைக் கீறுகிறது?

சுவரை. பெட்டியிலிருந்து எடுத்த புது ரிங்கின் முகத்தில் எந்த மெக்கானிக்கும் கல் வைப்பதில்லை. புதிதாக வருவது ரிங். ஏற்கெனவே அங்கே இருந்து, ஓடி ஓடி மினுங்கிப்போனது சுவர். புதியதை ஏற்க முடியாத அளவுக்கு வழவழத்துப்போனது பழையதுதான், ஆகவே கீறலும் பழையதற்குத்தான். பயிற்சிக்கு வந்த பையனை ஏசுகிற மூத்தவர் தன்னைக் கல்லாகவும் அவனைச் சுவராகவும் நினைத்துக்கொள்கிறார். பட்டறையில் நடப்பதோ நேர் எதிர்.

ரிங்கிலும் ஒன்றை அராவுவார்களே என்று மெக்கானிக்குகள் கேட்கலாம். உண்மைதான். ரிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, அதன் இரு முனைகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளப்பார்கள். குறைவாக இருந்தால் முனையை அராவுவார்கள். சூட்டில் ரிங் விரியும்போது முனைகள் முட்டிக்கொண்டு உடையாமல் இருக்க அந்த இடம் தேவை. அதாவது ரிங்கின் மீது அரம் படுவதே அது மூச்சுவிடத்தான்.

கல் வைப்பதற்கு முன்பும் வேலை இருக்கிறது. சுவர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, வட்டம் கெட்டிருக்கிறதா என்று அளக்க வேண்டும். அளவு தாண்டியிருந்தால் ஹோனிங் எதையும் சரிசெய்யாது. போர் போட்டு 0.25 அல்லது 0.50 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன்தான் போட வேண்டும். யமஹாவின் டயாசில் அலுமினியச் சுவரில் வார்ப்பிரும்புக்கான கல்லை வைத்துத் தேய்த்தால் பிளாக்கே வீண். ஒரே கல் எல்லாருக்கும் பொருந்தும் என்று எந்த நல்ல மெக்கானிக்கும் சொல்ல மாட்டார். ‘எல்லாரையும் ஒரே மாதிரிதான் நடத்துறேன்’ என்று பெருமைப்படும் மேலாளர்கள் சொல்வார்கள்.

அப்புறம், கழுவுதல். இதைப் பற்றி அந்தப் பழமொழியில் ஒரு வார்த்தை இல்லை. ஹோனிங் முடிந்ததும் கல்லின் துகள்கள் கோடுகளுக்குள் ஒளிந்திருக்கும். பெட்ரோல் ஊற்றித் துடைத்தால் எண்ணெய்தான் போகும், துகள் போகாது. சுடுதண்ணீரும் சோப்பும் போட்டு, வெள்ளைத் துணியில் கறுப்பு ஒட்டாத வரை தேய்க்க வேண்டும். உடனே எண்ணெய் தடவ வேண்டும், இல்லாவிட்டால் துரு. கழுவாமல் மூட்டிய இன்ஜினில் அந்தத் துகள்கள் ரிங்கையும் பிஸ்டனையும் சுவரையும் சேர்த்தே தின்னும். நம் வேலையிடங்களில் கீறுவதற்கு ஆள் இருக்கிறது, கழுவுவதற்கு யாருமில்லை. அன்று விழுந்த ஏச்சின் துகள் உள்ளேயே தங்கி, பத்து வருடம் கழித்து அடுத்து வரும் பையன் மேல் பாய்கிறது. ‘நாங்களும் இப்படித்தான் வந்தோம்’ என்பது அந்தத் துகளின் சத்தம்.

அப்படியானால் புதியவரைப் பொத்திப் பொத்தி வைக்க வேண்டுமா? அதையும் இன்ஜின் ஒப்புக்கொள்ளாது. எரிந்த வாயுவின் அழுத்தம் ரிங்கின் பின்னால் புகுந்து தள்ளும்போதுதான் ரிங் சுவரோடு அழுந்துகிறது. புது ரிங் போட்ட இன்ஜினை மணிக்கணக்கில் வெறுமனே ஐட்லிங்கில் விட்டால், அழுத்தம் போதாமல் ரிங் படிவதற்குள் சுவர் மறுபடி மினுங்கிவிடும். அளவான சுமை ஆரம்பத்திலேயே வேண்டும். ரிங்கும் அதில் கொஞ்சம் தேயத்தான் செய்யும். அந்தத் தேய்மானம் இருவரும் சேர்ந்து வேலை செய்வதில் வருவது. காப்பி வாங்கவும் ஃபோட்டோஸ்டாட் எடுக்கவும் மட்டும் ஓடுகிற பயிற்சி மாணவன் பத்திரமாக இருக்கலாம், ஆனால் எதிலும் படியமாட்டான்.

மனிதன் இரும்பில்லை என்பது எனக்கும் தெரியும். ரிங்குக்கு வலிக்காது, ஞாபகம் இருக்காது, ராஜினாமா செய்யவும் தெரியாது. ஓர் உவமையை வைத்து ஒழுக்கத்தை நிரூபிக்க முடியாது. ஆனால் உவமையைக் காட்டித்தான் ஒருவர் கையை ஓங்குகிறார் என்றால், அதை முழுசாகச் சொல்லச் சொல்லிக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

இந்த மாதம் எங்கள் பிரிவில் இரண்டு பயிற்சி மாணவர்கள் சேர்ந்திருக்கிறார்கள். முதல் வாரத்திலேயே உண்மையான வேலை கொடுத்தோம். அவர்களில் ஒருத்தி, ஒரே பராமரிப்பு விவரத்தை ஏன் மூன்று படிவங்களில் எழுதுகிறோம் என்று கேட்டாள். வருடக்கணக்கில் எழுதிவரும் எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. ஒருத்தர் முகம் சுளித்தார். கேள்வி உறுத்தியது, எனக்கும்தான். படிவத்தை ஒன்றாகக் குறைக்கச் சொல்லி மேலாளருக்கு எழுதியிருக்கிறோம். கடிதத்தில் அவள் பெயரும் இருக்கிறது.