ஓய்வு கூலியா, கொடையா?

எங்கள் ஊரில் 'வெளிநாடு' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள்தான் உண்டு. ஒன்று உழைப்பு, மற்றது ஹஜ், உம்ரா. இவ்விரண்டுமில்லாமல் ஒருவர் கடல் கடந்து போய்ச் சும்மா இருந்துவிட்டு வந்தால், அதற்கு எம்மவரிடம் பெயரில்லை. 2018 டிசம்பர் விடுமுறையில் பினாங்குக்குப் போய் வந்த என்னிடம் பலரும் கேட்டது ஒரே கேள்விதான்: "என்ன அலுவலாப் போன சேர்?" அலுவல் எதுவுமில்லை என்றதை எவரும் நம்பவில்லை.

ஓய்வு என்பது உழைப்பின் கூலி என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். வியர்வை சிந்தியவன் இளைப்பாறலாம். மற்றவன் இளைப்பாறினால் அது சோம்பல். வகுப்பறையிலும் இதைத்தான் சொல்கிறோம்: புலமைப்பரிசில் பரீட்சை முடியட்டும், பிறகு விளையாடலாம். இந்தக் கணக்குச் சரிதானா?

நாங்கள் மூவர். அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் ஒன்றாகப் படித்தவர்கள். ஒருவர் ஆசிரியத் தொழிலை விட்டுக் கட்டாருக்குப் போய், சாப்பாட்டுக் கடையொன்றில் கோப்பை கழுவுவதில் தொடங்கிக் கணக்கெழுதும் மேசைவரை ஒன்பது வருடம் இருந்தவர். பின்னர் ஊரில் சீமெந்தும் கம்பியும் விற்கும் கடை போட்டார். எங்கள் இருவரின் டிக்கட்டுக்கும் காசு போட்டவர் அவரே. "எத்தின எயார்போட் கண்டிருப்பன் மச்சான், ஒரு நாளாவது ஆறுதலா இருந்ததில்ல" என்பதுதான் அவர் சொன்ன காரணம்.

போன நாளும் வந்த நாளும் நீங்கலாக ஜோர்ஜ் டவுனில் மூன்று நாள். செய்தது ஒன்றுமில்லை. கடற்கரைச் சுவரில் குந்தியிருந்து கப்பல் பார்த்தோம். கலாசாலைக் காலத்துப் பகிடிகளையே திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரித்தோம். மூன்றாமவர் மட்டும் பார்க்க வேண்டிய இடங்களைத் தாளில் எழுதி வந்திருந்தார். 1923இல் ஓடத் தொடங்கிய மலை ரயிலில் ஏறாமலே திரும்புகிறோமே என்பது அவருடைய கவலை. அவர் நல்ல மனிதர். ஆனால் ஓய்வையும் பாடத்திட்டம்போல முடித்துக் கொடுக்க வேண்டும் அவருக்கு.

முதல்நாள் ளுஹர் நேரத்தில் அவரே கேட்டார்: "ஏசி அறையில படுத்தெழும்பி ரெண்டு றக்அத்தா? நமக்கு என்ன கஷ்டம்?" விளையாட்டுக்கல்ல, மனம் உறுத்தித்தான் கேட்டார். அச்சத்தையொட்டிக் குர்ஆனில் சொல்லப்பட்ட அந்தச் சலுகை அச்சம் நீங்கிய பிறகும் ஏன் என்று உமர் (ரலி) அவர்களும் கேட்டிருக்கிறார்கள். அது அல்லாஹ் உங்களுக்கு வழங்கிய தர்மம், அதை ஏற்றுக்கொள்ளுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் பதிலளித்ததாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. அதாவது, பட்ட கஷ்டத்தை நிறுத்துப் பார்த்துக் கொடுக்கும் கூலியல்ல அது. கஷ்டம் ஆளுக்காள் வேறுபடும், அளக்க முடியாது என்பதால்தான் சட்ட அறிஞர்களும் சலுகையைப் பயணத்தோடு கட்டினார்கள், களைப்போடு கட்டவில்லை. அன்று சொன்னபோது நண்பர் தலையாட்டினார். உறுத்தல் போனதா என்பது வேறு விஷயம்.

காலையில் நாங்கள் தேநீர் குடித்த கடை, 1801இல் தமிழ் முஸ்லிம்கள் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் இருந்தது. அந்நகரின் பேர்போன நாசி கண்டார் சோறே, எம் மொழி பேசியவர்கள் தோளில் காவுதடி சுமந்து துறைமுகத் தொழிலாளருக்கு விற்றதில் பிறந்ததுதான். அக்கடையில் தேநீர் ஆற்றிய தம்பி இராமநாதபுரத்துப் பையன். விடியலில் நின்றால் இரவுவரை நிற்பான். ஊருக்குப் போய் இரண்டு வருடம் என்றான். கூலிக் கணக்குப்படி பார்த்தால் அவன் கதிரையில் இருக்க, ஐந்து மாதம் சம்பளத்துடன் பாடம் நடத்திய நான் தேநீர் ஆற்ற வேண்டும். உழைப்புக்கேற்ப ஓய்வு என்ற நீதி உலகில் எங்கும் நடைமுறையில் இல்லை. இல்லாத நீதியைக் காட்டித்தான் சும்மா இருப்பவரை ஏசுகிறோம்.

'ஸ்கூல்' என்ற சொல்லின் மூலமான கிரேக்கச் சொல்லுக்கு ஓய்வு என்றே பொருள். ஆசிரியனான எனக்கு இது இனிக்கும் செய்தி. ஓய்வுக்காகவே உழைக்கிறோம் என்று அரிஸ்டோட்டில் கருதினார். ஆனால் அடிமைகள் இருப்பதையும் அவரே நியாயப்படுத்தினார். அந்த ஓய்வு கூலியுமல்ல, கொடையுமல்ல, பறித்தது. ஆகவே ஓய்வைக் கொடை என்று சொல்லி மகிழ்ந்துவிடவும் எனக்கு இயலவில்லை. கொடுத்தவர் யார், கொடுக்கும்படி ஆக்கப்பட்டவர் யார் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

கட்டார் நண்பர் அந்தப் பையனை ஒருமுறையேனும் மேசைக்குக் கூப்பிடவில்லை. தானே எழுந்துபோய் மூன்று கோப்பைகளையும் வாங்கி வந்தார். ஏன் என்று கேட்டேன். "கூப்பிடுற சத்தம் எனக்குத் தெரியும்" என்றார். ஆனாலும் கதிரையில் நன்றாகச் சாய்ந்து, அவசரமில்லாமல்தான் குடித்தார். பையனுக்காகத் தன் ஆறுதலைக் குறைத்துக்கொண்டாரில்லை. அது சரியென்றே நான் நினைக்கிறேன். ஒன்பது வருடம் மறுக்கப்பட்டது அவருக்கும் உரியதுதானே.

2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360வரை ஏறியபோது அவருடைய கடை ஏறக்குறைய ஓய்ந்துபோனது. மூன்றாமவர் டிக்கட் காசைக் கணக்குப் பார்த்து ஒரு கடித உறையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். நானும் கூடப் போயிருந்தேன். நண்பர் உறையைத் தொடாமல் கேட்டார்: "கடனாத் தாறெண்டா வாங்கிறன், தேவைதான். பினாங்குக் காசெண்டா வாணா." இவர் சிறிது நேரம் யோசித்துவிட்டுக் கடன் என்றார். பணம் கைமாறியது.