குறியும் நிய்யத்தும்

செயல்கள் எண்ணங்களைக் கொண்டே மதிக்கப்படும் என்னும் நபிமொழியை நாம் இளமை தொட்டுக் கேட்டு வருகிறோம். இருபதாயிரம் அடி உயரத்தில், நள்ளிரவில், ஒரு நகரத்தின் மீது குண்டுகளைக் கொட்டுபவனின் நிய்யத்தை எங்கே தேடுவது? அவன் நெஞ்சிலா, அவனை அனுப்பியவர்களின் மேசையிலா?

ஃபிக்ஹு நூல்களுக்கு இக்கேள்வி முற்றிலும் புதிதன்று. தாயிஃப் முற்றுகையின்போது மன்ஜனீக் என்னும் கல்லெறி பொறி பயன்படுத்தப்பட்டதாக அறிவிப்புகள் உண்டு. அது எறியும் கல்லுக்கு வீரனென்றும் குழந்தையென்றும் தெரியாது. இதை நன்கு உணர்ந்திருந்த சட்ட மேதைகள், கோட்டையும் போராளிகளுமே குறியாக இருக்க வேண்டும், பெண்டிரையும் பிள்ளைகளையும் கொல்லும் நாட்டம் கூடாது என்ற வரம்போடுதான் அதனை அனுமதித்தனர். ‘மன்ஜனீக்குக்கு அனுமதி உண்டென்றால் குண்டுவீச்சு விமானத்துக்கு ஏன் இல்லை?’ என்று கேட்போர் நம்மிடையேயும் உளர். எளிதில் தள்ளிவிடத்தக்க வாதமன்று இது. நடந்ததைப் பார்த்துவிட்டே விடை கூறவேண்டும்.

இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் வான்படை முதலில் எண்ணெய் ஆலைகளையும் இருப்புப்பாதைகளையுமே குறிவைத்தது. 1941 ஆகஸ்டில் பட் என்னும் அரசு அலுவலர், விமானங்கள் எடுத்து வந்த புகைப்படங்களை ஆராய்ந்து ஓர் அறிக்கை தந்தார். இலக்கைத் தாக்கியதாகச் சொல்லப்பட்ட விமானங்களில் மூன்றில் ஒன்றே அதற்கு ஐந்து மைல் தொலைவுக்குள் சென்றிருந்தது! குறி தவறுகிறது என்று தெரிந்த பின்பு, குறியையே பெரிதாக்கினார்கள். பகை நாட்டுக் குடிமக்களின், சிறப்பாகத் தொழிலாளர்களின், மனவுறுதியைக் குலைப்பதே நோக்கம் என்று 1942 பிப்ரவரி 14ஆம் நாள் ஆணை பிறந்தது. குறிவைக்க வேண்டியவை வீடுகள் நெருங்கிய பகுதிகளே, கப்பல் துறைகளோ விமானத் தொழிற்சாலைகளோ அல்ல என்று மறுநாளே வான்படைத் தலைவர் போர்ட்டல் குறிப்பெழுதித் தெளிவுபடுத்தினார். அப்போது ஜெர்மனியைத் தாக்க பிரிட்டனுக்கு வேறு வழி அரிதாயிருந்தது உண்மை. லண்டனும் கவென்ட்ரியும் அதற்கு முன்பே எரிந்திருந்ததும் உண்மையே.

நான்கு எஞ்சின்களும் ஏழு பேரும் கொண்ட லங்காஸ்டர் விமானத்தின் வயிற்றில் ஏற்றப்பட்ட சுமையைப் பாருங்கள். கூரைகளையும் சன்னல்களையும் பெயர்த்தெறிய 4,000 இராத்தல் குண்டு ஒன்று. திறந்துகிடக்கும் வீடுகளுக்குள் தீ மூட்ட நூற்றுக்கணக்கான சிறு எரிகுண்டுகள். வீடுகளை எண்ணியே கோத்த சுமை இது. 1943 ஜூலை 27 இரவு 700-க்கும் மேற்பட்ட விமானங்கள் ஹாம்பர்க் நகரின் தொழிலாளர் குடியிருப்புகளை இவ்வாறு தாக்கின. தீ புயலாக எழுந்தது. நிலவறைகளில் ஒளிந்திருந்தோர் பலர் நச்சுக்காற்றால் மூச்சடைத்து மாண்டனர். அந்த ஒரு வாரத் தாக்குதல்களில் இறந்தோர் ஏறத்தாழ 37,000 பேர். 1945 மார்ச்சில் அமெரிக்க பி-29 விமானங்கள் தோக்கியோவில் ஒரே இரவில் இதனினும் மிகுதியான பேரைக் கொன்றன.

மன்ஜனீக் வாதம் இங்கே நிற்கவில்லை. கோட்டையை நோக்கி எறிந்த கல் வழிதவறி வீட்டில் விழுவது வேறு. வீட்டையே கோட்டையென்று பெயரிட்டு எறிவது வேறு. சிரியாவுக்குப் படை அனுப்பிய கலீஃபா அபூபக்ர் (ரலி) அவர்கள், பெண்டிரையும் குழந்தைகளையும் முதியோரையும் கொல்லலாகாது, கனிமரங்களை வெட்டலாகாது, குடியிருப்புகளைப் பாழாக்கலாகாது என்று கட்டளையிட்டதை நாம் மேடைதோறும் சொல்கிறோம். அதே உணர்வோடு, பிரபுக்கள் சபையில் 1944 பிப்ரவரி 9ஆம் நாள் தம் நாட்டின் குண்டுவீச்சைக் கண்டித்துப் பேசியவர் சிச்செஸ்டரின் கிறித்தவ ஆயர் ஜார்ஜ் பெல் என்பதையும் நாம் சொல்ல வேண்டும். போர் நடந்துகொண்டிருக்கும்போதே பேசினார் அவர்.

விமானங்களில் சென்ற இளைஞர்களை நாம் எளிதில் பழிப்பதற்கில்லை. ஏறத்தாழ 1,25,000 பேரில் 55,573 பேர் திரும்பவில்லை. அவர்கள் உள்ளத்தை அல்லாஹ்வே அறிவான். ஆணையிட்டவர்களின் நிய்யத்தோ எழுத்தில் கிடக்கிறது, யாரும் படிக்கலாம்.

ஒரு நகரில் தனித்தனியே உள்ள படை இலக்குகளை ஒரே இலக்காகக் கொண்டு குண்டுவீசுவது 1977ஆம் ஆண்டின் ஜெனீவா கூடுதல் ஒப்பந்தத்தில் தடுக்கப்பட்டது. பிரிட்டன் 1998இல் அதனை ஏற்றது. அமெரிக்கா கையொப்பமிட்டதோடு நிற்கிறது.