ஏமாற்றப்பட்டோன் கடன்

மருதானைப் பஞ்சிகாவத்தையிலே வாகன உதிரிப்பாகக் கடையொன்றில் வேலைசெய்யும் மலையக இளைஞன் ஒருவனை எண்ணிக்கொள்வோம். முகநூலில் அறிமுகமான வெளிநாட்டு நண்பர் ஒருவர் அவனுக்குப் பரிசுப்பொதி அனுப்பியதாகச் சொல்கிறார். சில நாளிற் சுங்கத்திலிருந்து பேசுவதாக ஒரு குரல் வருகிறது: வரிப்பணத்தை இன்ன வங்கிக் கணக்கில் வைப்பிலிட்டாற் பொதி வந்துசேரும். அவன் வைப்பிலிடுகிறான். பின்னர் அபராதம் என்கிறார்கள், அதனையும் செலுத்துகிறான். மூன்றாம் முறை கேட்கும்போதுதான் பொதியும் இல்லை, நண்பரும் இல்லை என்பது விளங்குகிறது. தங்கையின் படிப்புக்கென ஈராண்டாகச் சேர்த்த பணம் போய்விட்டது. உடன் தங்கியிருக்கும் மூத்தவர் ஒருவர் அறிவுரை கூறுகிறார்: "போனது போகட்டும், தம்பி. பொலிசுக்குப் போனால் மிஞ்சியிருக்கிற மானமும் போய்விடும்."

மூத்தவரின் சொல் அன்பினாற் பிறந்தது; உலகியலறிவும் அதில் உண்டு. ஆயினும் அதனுள் ஓர் அறவினா அடங்கியிருக்கிறது. தன் பணத்தை இழந்தவன் அதனை அப்படியே விட்டுவிட உரிமையுடையவனா? அன்றி, இழந்தது மீளாதெனத் தெரிந்தபோதும் அதனை உரிய இடத்திற் சென்று உரைத்தல் அவனுக்குக் கடமையாகுமா?

முதலில் மானத்தைப் பற்றி நோக்குவோம். நமது நாட்டின் 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, அதன் 398 ஆம் பிரிவில் வஞ்சித்தலை வரையறுக்கிறது. ஒருவரை ஏமாற்றி, நேர்மையற்ற முறையில் அவரைத் தூண்டிப் பொருளைக் கொடுக்கச் செய்பவன் வஞ்சித்தவன் ஆவான். ஏமாந்தவர் படித்தவரா, பேராசை கொண்டவரா என்பன பற்றி அவ்வரையறை ஒரு சொல்லும் பேசவில்லை. குற்றம் முழுவதையும் செய்தவன்மீதே வைக்கிறது. நாமோ, "இதைக்கூட அறியாமலா இருந்தாய்?" என்றுதான் முதலிற் கேட்கிறோம். அந்நியர் ஆக்கித் தந்த பழஞ்சட்டம் நம்மிலும் கருணையுடையதாய் இருக்கிறதெனச் சொல்ல எனக்குக் கூச்சமாகவே உள்ளது. இந்த வெட்கத்தினால் விளையும் கேடும் சிறிதன்று. உடனே வங்கிக்கு அறிவித்தால், பணம் இன்னும் அக்கணக்கில் இருக்குமாயின், அதனைத் தடுத்துவைக்க வழி பிறக்கலாம். மூன்று நாள் மனம் குமைந்திருந்துவிட்டுப் போனால் அது பல கைகள் மாறிவிட்டிருக்கும்.

முறையிடுதலுக்கு நம் இலக்கிய மரபில் முதன்மையான சான்று கண்ணகி. அவள் துயரின் மூலத்திலும் ஒரு வஞ்சனை உண்டு. அரசியின் சிலம்பைக் கவர்ந்த பொற்கொல்லன் பழியைக் கோவலன்மேற் சுமத்தினான். அவள் அரண்மனை வாயிலுக்குச் சென்றபோது கோவலன் கொலையுண்டு கிடந்தான். வழக்கில் வென்றாலும் இழந்தது மீளாது. ஆயினும் சென்றாள். கண்ணீரை மட்டும் கொண்டு செல்லவில்லை, எஞ்சியிருந்த ஒற்றைச் சிலம்பையும் கொண்டு சென்றாள். அரசியின் சிலம்பில் முத்து, இவளுடையதில் மாணிக்கம். வழக்கு அவ்விடத்திலேயே முடிந்தது. (மதுரை எரிந்தமை வேறு விடயம்; அதனை இங்கே இழுக்க வேண்டுவதில்லை.) இக்காலத்துச் சிலம்பு, வங்கிப் பற்றுச்சீட்டும் கைத்தொலைபேசியிற் கிடக்கும் உரையாடலுமேயாம். வெட்கத்தினால் நம்மவர் முதலில் அழித்துவிடுவதும் அதனையே.

இனி, மீளாத பொருளுக்காக ஏன் முறையிடல் வேண்டும்? ஜெர்மானிய மெய்யியலாளரான கான்ற் 1785 இல் வெளியிட்ட அறவியல் நூலொன்றில், திருப்பித் தரும் எண்ணமின்றிக் கடன் கேட்பவனை எடுத்துக்காட்டாகக் கொள்கிறார். எல்லோரும் அவ்வாறு பொய்வாக்களித்தால் வாக்கு என்பதையே எவரும் நம்பார்; அப்போது அப்பொய்யும் பலிக்காது. ஆகவே வஞ்சகன் வாழ்வது பிறர் கட்டிக்காத்த நம்பிக்கையை உண்டுதான். அவன் பறித்தது நம் இளைஞனின் பணத்தை மட்டுமாயின், அதனை மன்னித்துவிடும் உரிமை இளைஞனுக்கு முழுதாக உண்டு. ஆனால் அதே வங்கிக் கணக்கு இலக்கத்தை நாளை வெள்ளவத்தையில் ஓர் ஓய்வூதியருக்கும், கொட்டாஞ்சேனையில் ஒரு விதவைக்கும் கொடுக்கப்போகிறார்கள். அவர்களுக்கு வரவிருக்கும் தீங்கை மன்னிக்க இவனுக்கு அதிகாரம் இல்லை. என் கருத்தில் கடமை பிறக்கும் இடம் இதுவே.

பழிவாங்கும் வேட்கையோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. மறுமுனையிற் பேசியவன் யார் என்பதே நமக்குத் தெரியாது. கணினி வேலையென நம்பிச் சென்ற இலங்கை இளைஞர்கள் மியன்மாரின் மியாவதிப் பகுதி முகாம்களில் அடைக்கப்பட்டு, இத்தகைய மோசடிகளையே செய்யுமாறு வற்புறுத்தப்பட்டனர். 2024 இல் அவர்களுட் சிலர் மீட்கப்பட்டனர். அதே ஆண்டு ஒக்டோபரில், நமது நாட்டிலிருந்தே இணையவழி மோசடி நடத்தினர் என்ற பேரில் வெளிநாட்டவர் பலர் கைதாயினர். நம்மை ஏமாற்றிய குரல் ஒரு கைதியின் குரலாகவும் இருக்கலாம். முறைப்பாடு அவனையும் வெளிக்கொணரும் வாயிலாகக்கூடும்.

ஆயினும், உரைத்தல் கடமையெனின் கேட்டலும் கடமையாதல் வேண்டும். கேளாச் செவியிடம் சென்று முறையிடுக என ஏழையைப் பணித்தல் அறமன்று. சட்டத்தை எடுத்துக்கொண்டாற் குறையொன்றும் இல்லை. அரசியலமைப்பின் 1988 ஆம் ஆண்டுப் பதினாறாந் திருத்தம், சிங்களம் நிருவாக மொழியாயுள்ள பகுதிகளிலும் அரச அலுவலரோடு தமிழிற் கருமமாற்றும் உரிமையை வழங்குகிறது. 1979 ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109 ஆம் பிரிவு இன்னும் நுணுக்கமானது. வாய்மொழித் தகவலை அது சொல்லப்பட்ட மொழியிலேயே எழுதி, சொன்னவருக்கு வாசித்துக்காட்டல் வேண்டும். அலுவலரால் அம்மொழியில் எழுத இயலாதாயின், சொன்னவரையே தம் மொழியில் எழுதித் தருமாறு கேட்டல் வேண்டும். அவராலும் எழுத இயலாதபோதுதான் வேறு தேசிய மொழியில், அதற்கான காரணத்தையும் பதிந்து, எழுதலாம். நடைமுறையில், தமிழிற் கேட்கத்தக்க ஒருவர் வரும்வரை வாங்கிற் காத்திருப்பதும், விளங்காத மொழியில் எழுதிய தாளிற் கையொப்பமிட்டுத் திரும்புவதும் நம்மவருக்குப் புதியன அல்ல. தன் வாக்குமூலம் என்ன சொல்கிறதென்று அறியாதவன், முறையிட்டவன் ஆவானா?

சட்ட உதவி தேடுவதும் இவ்வாறே. எந்தச் சட்டம் தனக்குப் பொருந்தும் என்பதை இளைஞன் அறியான். பிறரொருவர் அனுமதியின்றி அவன் கணக்கினுட் புகுந்திருந்தால் 2007 இன் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் நேரே பொருந்தும். அவனே ஏமாந்து அனுப்பியிருப்பதால் பழைய வஞ்சித்தற் பிரிவே முன்னிற்கும். இதனை விளக்கிச் சொல்லப் பணமுள்ளவருக்குச் சட்டத்தரணி உண்டு. இல்லாதோர்க்கென 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு புதுக்கடை நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. மருதானையிலிருந்து அது நடந்து செல்லக்கூடிய தொலைவே. ஆனால் நாட்சம்பளக்காரனுக்குத் தொலைவு மைலினால் அளக்கப்படுவதன்று. ஒரு நாட் கூலியினால் அளக்கப்படுவது.

ஆகவே மூத்தவரிடம் நான் வேண்டுவது ஒன்றே. மானத்தைப் பற்றி அவர் இனிப் பேசவேண்டாம். கடையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டுத் தம்பியோடு கூடச் செல்லட்டும். அவ்விருவரிற் சிங்களம் அறிந்தவர் அவர்தாம்.