முட்டை தின்னவும் நம்பிக்கை வேண்டும்

1759-ஆம் ஆண்டு கோடையில், பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் ஒரு மீட்புப் பணி நடந்தது. மீட்கப்பட வேண்டியவர், 28 வயது யோஹான் கேயோர்க் ஹாமான். மீட்க வந்தவர்கள் இருவர்: ரீகா நகர வணிகர் கிறிஸ்டோஃப் பெரன்ஸும், அப்போது இன்னும் பேராசிரியராகியிராத இம்மானுவேல் காண்டும்.

ஹாமான் மதம் மாறிவிடவில்லை. பிறந்த லூத்தரன் மதத்தை மெய்யாகவே நம்பத் தொடங்கினார், அவ்வளவுதான் குற்றம். பெரன்ஸ் குடும்பத்தின் வணிகத்துக்காக லண்டன் போனவர், போன காரியம் கைகூடாமல் கடனில் மூழ்கி, 1758-இல் ஒரு வாடகை அறையில் பைபிளைத் தொடக்கத்திலிருந்து படித்தார். ஊர் திரும்பியபோது, பகுத்தறிவை முன்னிறுத்திய அறிவொளி இயக்கத்தின் பழைய கூட்டாளியாக அவர் இல்லை. பிரெஞ்சுக் கலைக்களஞ்சியத்திலிருந்து சில கட்டுரைகளை மொழிபெயர்க்கச் சொன்னால் ஆள் தெளிந்துவிடுவார் என்று காண்ட் எண்ணினார்!

தெளியவில்லை. அந்த ஜூலையில் ஹாமான் காண்டுக்கு எழுதிய நீண்ட கடிதத்தில் துணைக்கு அழைத்தது டேவிட் ஹியூமை. எல்லாவற்றையும் சந்தேகித்த அதே ஹியூம்தான். காரணத்துக்கும் விளைவுக்கும் இடையிலுள்ள தொடர்பைப் பகுத்தறிவால் நிறுவ முடியாது, பழக்கத்தால் நம்புகிறோம் என்றவர் அவர். ஹாமான் அந்த இழையைப் பிடித்து இழுத்தார்: ஒரு முட்டையைத் தின்ன, ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்க ஹியூமுக்கே நம்பிக்கை தேவைப்படுகிறதென்றால், அதைவிடப் பெரிய விஷயங்களில் மட்டும் நம்பிக்கையை அவர் ஏன் தள்ள வேண்டும்? அதே ஆண்டு எழுதிய சாக்ரடீஸ் பற்றிய சிறு நூலில் இன்னும் ஒரு படி போனார். நம்பிக்கை பகுத்தறிவின் படைப்பல்ல. ஆகவே பகுத்தறிவின் தாக்குதலுக்கு அது விழவும் வேண்டியதில்லை.

கெட்டிக்கார வாதம்தான். ஆனால் ஓட்டை இருக்கிறது. முட்டை மீதான நம்பிக்கை இல்லாமல் ஒருவராலும் ஒரு நாளைக் கழிக்க முடியாது. இயேசுவின் உயிர்த்தெழுதலை நம்பாமல் கோடிக்கணக்கானோர் நன்றாகவே வாழ்கிறார்கள். பகுத்தறிவின் அடியில் ஏதோ ஒரு நம்பிக்கை கிடக்கிறது என்று காட்டிவிட்டால், அது எந்த நம்பிக்கை என்பது தானாக முடிவாகிவிடாது. இந்த இடைவெளியைக் கிறிஸ்தவ வாதிகள் பலர் இன்றுவரை ஒரே தாவலில் கடந்துவிடுகிறார்கள்.

ஹாமானின் உண்மையான பலம் வெளிப்பட்டது 25 ஆண்டுகள் கழித்துத்தான். 1784 டிசம்பரில், அறிவொளி என்றால் என்ன என்ற கேள்விக்குக் காண்ட் பெர்லின் மாத இதழில் பதில் எழுதினார். மனிதன் பிறருடைய வழிகாட்டலில் தங்கிக் கிடப்பது அவனே வருவித்துக்கொண்ட நிலை; வாசகர் உலகத்தின் முன் எவ்வளவு வேண்டுமானாலும் வாதிடலாம், பதவியில் இருக்கையில் கீழ்ப்படிய வேண்டும் என்றார். ஹாமான் அப்போது மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக்கின் சுங்கத் துறையில், கிடங்கு மேற்பார்வையாளர். கீழ்ப்படிதல் எப்படியிருக்கும் என்று அவருக்குத் தெரியும். குற்றம் கைப்பிள்ளையாக வைக்கப்பட்டவனுடையதா, அவனை அப்படி வைத்துவிட்டுக் கோழை என்று ஏசும் பாதுகாவலருடையதா என்று நண்பர் கிராவுஸுக்கு எழுதிய கடிதத்தில் கேட்டார். பெண்கள் அனைவரும் சுயமாகச் சிந்திக்க அஞ்சுகிறவர்கள் என்ற காண்டின் வரியையும் விடவில்லை. ஹாமானுக்கு மூன்று மகள்கள். பைபிள் பித்தர் என்று கேலி செய்யப்பட்டவர், அறிவொளியின் ஆசானைவிடக் கூர்மையாக அதிகாரத்தைப் பார்த்த இடம் இது.

அதே 1784-இல், 'தூய பகுத்தறிவு பற்றிய விமர்சனம்' என்ற காண்டின் பெரு நூலுக்கு மறுப்பாக ஹாமான் சில பக்கங்கள் எழுதினார். மரபு, அனுபவம், மொழி ஆகிய மூன்றையும் கழித்துவிட்டால் 'தூய' பகுத்தறிவு என்று மிஞ்ச ஒன்றுமில்லை என்பது அதன் சாரம். கடவுளின் வார்த்தை உடலெடுத்து வரலாற்றுக்குள் வந்தது என்று நம்பும் ஒருவருக்கு, உடலையும் வரலாற்றையும் பேச்சையும் தவிர்த்த அறிவு வெறும் ஆவியாகத் தெரிந்ததில் வியப்பில்லை. ஆனால் அந்தப் பக்கங்களை அவர் அச்சுக்குக் கொடுக்கவில்லை. சுங்கத் துறையில் அவர் நுழையக் கைகொடுத்தவர்களில் காண்டும் ஒருவர், நட்பும் அறுந்திருக்கவில்லை. ஹாமான் 1788-இல் மூன்ஸ்டரில் இறந்தார். மறுப்பு வெளிவந்தது 1800-இல். அப்போது காண்ட் உயிரோடிருந்தார்.