சாய்வு யாருக்கு அழகு?

பைசாவின் சாய்ந்த கோபுரம் உண்மையில் ஒரு பேராலயத்தின் மணிக்கூண்டு. 1173இல் கட்ட ஆரம்பித்தார்கள். அடியில் இளகிய களிமண். கட்டி முடிப்பதற்குள்ளேயே சாய்ந்துவிட்டது.

1934இல் முசோலினி அதை நிமிர்த்தச் சொன்னார். அஸ்திவாரத்தில் துளை போட்டு சிமெண்ட் குழம்பைச் செலுத்தினார்கள். கோபுரம் இன்னும் கொஞ்சம் சாய்ந்ததுதான் மிச்சம். 1990இல் மக்கள் ஏறுவதை நிறுத்திவிட்டு, வேறு வழி தேடினார்கள். தாழ்ந்த பக்கத்தைத் தூக்கவில்லை. உயர்ந்திருந்த வடபக்கத்தின் அடிமண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள். அரை டிகிரி போல நிமிர்ந்ததும் நிறுத்திவிட்டு, 2001இல் திறந்தார்கள். முழுசா நிமிர்த்திட்டா பார்க்க யார் வருவா?

ஒரு குறையே அடையாளமாகிவிட்டால், அதைத் திருத்துவதா, விட்டுவைப்பதா?

எனக்குக் கள்ளக்குறிச்சி. 2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதுக்கப்புறம் ஊர்ப்பேரைச் சொன்னாலே, "ஓ, அந்த சாராய ஊரா?" என்கிறார்கள். கல்வராயன் மலை என்றாலும் ஊறலும் ரெய்டும்தான் ஞாபகம் வருகிறது. சாமை விதைக்கும் மலைவாழ் மக்களோ, மேகம் அருவியோ இல்லை. நம்ம பசங்களே அதைக் கெத்தாகச் சொல்லிக்கொள்வதும் உண்டு. நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அந்தச் சிரிப்பு தப்புன்னு இப்போது தோன்றுகிறது. பைசாவின் சாய்வு கல்லுக்கு வலிக்காது, ஊருக்கு வருமானம். எங்கள் ஊர்ச் சாய்வுக்கு விலை கொடுத்தவை கருணாபுரத்துக் கூலிக்காரர்களின் வீடுகள். குறையைச் சுமப்பவர் ஒருத்தர், அதை அடையாளமாக்கி ரசிப்பவர் இன்னொருத்தர் என்றால், விட்டுவைக்கும் உரிமை ரசிப்பவருக்குக் கிடையாது.

சரி, எப்படித் திருத்துவது? ரெய்டு வேண்டாம்னு சொல்லல. ஆனா ஊறலைக் கொட்டுவதோடு நின்றுவிட்டால், அது முசோலினியின் சிமெண்ட் மாதிரிதான். அடிமண் அப்படியே இருக்கும். மலையில் ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வேலை: இதெல்லாம்தான் அடிமண். 2024இல் சென்னை உயர் நீதிமன்றமும் கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைத் தானாக முன்வந்து வழக்காக எடுத்தது. இதற்கெல்லாம் பணம் வேண்டும், நேரம் வேண்டும். உயர்ந்த பக்கத்தில் இருக்கிற நாம் கொஞ்சம் விட்டுக்கொடுக்கவும் வேண்டும்.

அடுத்த முறை யாராவது "சாராய ஊரா?" என்று கேட்டால் சிரிக்கப்போவதில்லை. "ஆமா, கூலி வேலைக்குப் போனவங்க செத்த ஊர்" என்று சொல்வேன். அதற்கப்புறம் அவர் சிரிக்கிறாரா என்று பார்க்கலாம்.