இணைப்புக் கோடுகள்

ஈப்போ நகரிலும் அதன் சுற்றுவட்டாரத்தில் எழுந்துள்ள குடியிருப்புகளிலும் நம்மவர் இல்லங்களுக்குள் நுழைவோர், வரவேற்பறைச் சுவரில் ஒரு புதுமையைக் காண்பதுண்டு. முருகன் படமும் பெற்றோரின் திருமணப் புகைப்படமும் பிள்ளையின் பட்டமளிப்புப் படமும் தொங்கும் அதே சுவரில், ஏறக்குறைய ஓராள் கைவிரிப்பு அகலத்தில், பனிமலையோ செர்மானியக் கோட்டையோ தாஜ்மகாலோ சட்டமிட்டு மாட்டப்பட்டிருக்கும். தொலைவில் நின்று நோக்கினால் அது வெறும் வண்ணப்படம். அருகிற் சென்றாலோ, படம் முழுவதும் வளைந்து நெளிந்தோடும் மெல்லிய கோடுகள் தெரியும். ஆயிரம் துண்டு, ஐயாயிரம் துண்டு என்று பெட்டியில் அடைத்து விற்கப்படும் ‘ஜிக்சா’ எனும் துண்டுப்படப் புதிரை வீட்டார் பொருத்தி முடித்து, பசையிட்டு இறுக்கி, சுவரேற்றியிருக்கிறார்கள்.

இதைக் கண்டு முகஞ்சுளிப்போரும் உளர். படத்தை வரைந்தவர் ஒருவர், அச்சிட்டவர் மற்றொருவர், துண்டுகளாக வெட்டியதோ ஓர் எந்திரம். விடையும் பெட்டியின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. இதில் வீட்டார் செய்தது என்ன? விடை தெரிந்த கணக்கைப் போட்டு முடித்துவிட்டு, அதனைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவானா ஒரு மாணவன்? இவ்வாறு அவர்கள் வினவுகின்றனர். வினாவில் நியாயம் இல்லாமலில்லை. உழைப்புக்கும் படைப்புக்கும் உள்ள உறவு யாது, தான் உருவாக்காத ஒன்றைத் தன் கைவேலையாகக் காட்டிக்கொள்வது அறமாகுமா என்னும் பெரிய வினாக்கள் இச்சிறு வினாவின் பின்னே நிற்கின்றன. ஆகவே இதனை விளையாட்டுச் செய்தியென்று ஒதுக்கிவிட வேண்டுவதில்லை.

இப்புதிரின் பிறப்பே கல்வியை ஒட்டிய பிறப்பு. 1760களில் இலண்டனில் நிலப்படம் செதுக்கும் தொழிலினரான ஜான் ஸ்பில்ஸ்பரி என்பார், நிலப்படத்தை மெல்லிய மரப்பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக் கோடுகளின் வழியே அறுத்து, சிறுவர் நிலவியல் கற்பதற்காக விற்றார். கலைப்பதும் மீண்டும் சேர்ப்பதுமே அதன் பயன். பிற்காலத்தில் மரத்துக்கு மாற்றாக அட்டை வந்தது, வாளுக்கு மாற்றாக அச்சுவார்ப்பு வெட்டுக்கருவி வந்தது, விலை குறைந்தது. 1930களின் பெருமந்தக் காலத்தில், வேலையற்றோர் மிகுந்திருந்த அமெரிக்க நாட்டில், இது வீடுதோறும் பரவியது. அதே மந்தத்தின் தொடக்க ஆண்டுகளில்தான் இரப்பர் விலை வீழ்ந்து, மலாயாத் தோட்டங்களிலிருந்து நம்மவர் பல்லாயிரவர் கப்பலேற்றித் தாயகத்துக்குத் திருப்பியனுப்பப்பட்டனர் என்பதும் ஈண்டு நினைவுக்கு வருகின்றது.

நிற்க. ஆயிரம் துண்டுப் புதிரொன்றை வரிசைக்கு 40 வீதம் 25 வரிசைகளாகக் கொள்வோம். மூலைத் துண்டுகள் 4. அவற்றையும் சேர்த்து ஓரத் துண்டுகள் 126. துண்டோடு துண்டு பொருந்தும் இடங்கள் 1,935. மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். அத்தனை இடங்களிலும் ஒருவரது கை, இது பொருந்துமா, இது பொருந்தாதா என்று தொட்டுத் தொட்டு முடிவு செய்திருக்கிறது. நீலவானப் பகுதியில் வண்ணமும் உதவாது. வடிவம் ஒன்றே துணை. வெட்டுப்படாத முழுப்படமாகவே வாங்கியிருந்தால் செலவும் குறைவு, பார்வைக்கும் தெளிவு. அதைவிடுத்துக் கோடு விழுந்த படத்தை ஒருவர் மாட்டுகிறாரெனில், அவர் மாட்டியது தாஜ்மகாலை அன்று. அந்தக் கோடுகளையே மாட்டியிருக்கிறார். ‘இதை நான் வரைந்தேன்’ என்று அவர் கூறவில்லை. ‘இத்தனை மாலைப்பொழுதுகள் இங்கு அமர்ந்திருந்தேன்’ என்றுதான் அப்படம் கூறுகின்றது. அது பொய்யன்று.

இக்கோடுகளுக்குப் பேராக் மண்ணில் ஒரு தனிப்பொருளும் உண்டென்பது என் துணிபு. நம் பாட்டனும் பாட்டியும் விடியுமுன் பெரட்டுக்கு நின்றார்கள். இருள் விலகுமுன் நிரையில் இறங்கி, உளிகொண்டு மரப்பட்டையை ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிதாகச் சீவினார்கள். ஆழம் குறைந்தால் பால் வாராது. கூடினால் மரம் புண்படும். பொற்கொல்லர் வேலைக்கு நிகரான அந்நுண்வேலையை நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களிற் செய்து, மங்குகளில் இறங்கிய பாலை வாளியிற் சேர்த்து, கொட்டகையில் எடைக்கு ஊற்றிவிட்டு, வெறும் வாளியோடு லயத்துக்குத் திரும்பினார்கள். பால் உறைந்து தாளாயிற்று, தாள் கப்பலேறிற்று, எங்கோ ஓர் ஊரில் ஒரு வண்டியின் சக்கரமாயிற்று. அச்சக்கரத்தை அவர்கள் கண்டதில்லை. முப்பதாண்டு, நாற்பதாண்டு வேலை செய்த பின்னும், ‘இது என் கை முடித்த பொருள்’ என்று பேரப்பிள்ளைக்குக் காட்ட அவர்களிடம் மரத்தின் வடுவையன்றி வேறொன்றும் இருக்கவில்லை. அம்மரமும் பின்னர் வெட்டப்பட்டது.

பத்து காஜா அருகே கெல்லி கோட்டையைக் காணச் சென்றோர் இதனை நன்கு உணர்வர். வில்லியம் கெல்லி ஸ்மித் எனும் தோட்ட முதலாளி 1915இல் தொடங்கிய அம்மாளிகை, 1926இல் அவர் லிஸ்பன் நகரில் இறந்ததும் முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. கட்டியவர்கள் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள். அவர்களுக்காக எழுப்பப்பட்ட மாரியம்மன் கோவிலின் மேற்புறத்தில், ஸ்மித்தினுடையது என்று சொல்லப்படும் உருவமொன்று தலையணியோடு நிற்கிறது. செங்கல்லோடு செங்கல்லைப் பொருத்தியவர் பெயர் எச்சுவரிலும் இல்லை. மாளிகைக்கு ஒருவர் பெயர், பொருத்தியவர் பலர்.

‘துண்டு’ எனும் சொல்லே தோட்டத்தில் அச்சம் தந்த காலமும் ஒன்றிருந்தது. 1950களில் பெருந்தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. வேலையோடு வீடும் போயிற்று. சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரின் சிறு சிறு தவணைப் பணத்தைக் கொண்டே தோட்டங்களை வாங்க முனைந்த வரலாற்றை ஆசிரியப் பெருமக்கள் அறிவர். ஆயினும் எல்லாத் தோட்டங்களும் தப்பவில்லை. இரப்பர் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. பின்னர் அடுக்கு வீடுகள் வந்தன. லயத்துச் சுவர் தோட்டத்துக்குரியது. அதில் ஆணியடித்தவன் வேலை நின்ற நாளில் ஆணியைப் பிடுங்கிக்கொண்டு போகவேண்டியவன். ஈப்போவின் குடியிருப்பில் அவன் பேரன் தவணை கட்டி வாங்கிய சுவரே அக்குடும்பத்தின் முதற் சொந்தச் சுவர். அப்பேரனின் வேலையும் பெரும்பாலும் முடிவைக் காட்டாத வேலைதான்: தொழிற்சாலையில் ஓர் உறுப்பு மட்டும் அவன் கையைத் தொட்டுச் செல்லும், அலுவலகத்தில் ஒரு கோப்பு வந்துபோகும். மாலையில் உணவு மேசையை ஒதுக்கி அவன் பொருத்தும் படம் ஒன்றே, தொடக்கமும் நடுவும் முடிவும் அவன் கண்முன் நிகழும் வேலை. அதைச் சொந்தச் சுவரில் மாட்டுவதை வீண்பெருமை என்று தள்ள என்னால் இயலவில்லை.

இதற்கு நம் மரபிலிருந்தே ஒரு மறுப்பு எழும். வைகறையில் புள்ளிவைத்துக் கோலமிடும் பெண் அதைக் காத்துவைக்க நினைப்பதில்லை. மிதிபட்டு அழிவதற்கென்றே அதனை இடுகிறாள். நவராத்திரிக் கொலுவும் பத்தாம் நாள் பெட்டிக்குத் திரும்புகிறது. முடித்ததை விட்டுவிடுவதன்றோ உயர்ந்த மனம்? முடித்ததைப் பசையிட்டு ஒட்டிக்கொள்வது பற்றுள்ளம் அன்றோ?

வலிமையான மறுப்புத்தான் இது. கோலத்தின் பற்றின்மையை நான் உயர்வாகவே மதிக்கிறேன். வாசலே தனதல்லாத லயத்திலும் பாட்டி கோலமிட்டாள் என்பதை எண்ணும்போது அம்மதிப்பு இன்னும் பெருகுகின்றது. ஆனால் விட்டுவிடுதல் என்பது, வைத்துக்கொள்ளும் உரிமையுள்ளவர் செய்யும்போதே அறமாகும். எதையும் வைத்துக்கொள்ள விடப்படாத ஒருவரைப் பார்த்து, ‘நீ பற்றற்றவன்’ என்று புகழ்வது அவரது இழப்பை மூடிமறைப்பதாகும். ஒருமுறையேனும் வைத்துக்கொண்டு பார்த்தவர், அடுத்த முறை தாமாகவே கலைப்பர்.

கலைக்கவும் வேண்டும். பசையிட்ட புதிர் புதிரன்று. இனி அதில் எவரும் விளையாட முடியாது. ஸ்பில்ஸ்பரியின் நிலப்படத்தைச் சுவரோடு ஒட்டியிருந்தால் எந்தச் சிறுவன் என்ன கற்றிருப்பான்? முதற்படத்தை மாட்டுங்கள், பெரும்படம் ஒன்றையும் மாட்டுங்கள். பத்தாவது படமும் சுவர் தேடுமாயின், அங்கே உழைப்பின் சான்று மறைந்து எண்ணிக்கையின் ஆரவாரம் மிஞ்சும். அதனைப் பெட்டியிலிட்டு அண்டை வீட்டுப் பிள்ளைக்கோ பள்ளி நூலகத்துக்கோ தருவதே நன்று. நம் நாட்டு ஈரக்காற்றும் ஓரளவு இதையே வற்புறுத்துகிறது போலும்: அட்டை உப்பிப் பூஞ்சை பிடிக்கும்; வெயில் படும் சுவராயின் சில ஆண்டுகளில் நீலம் வெளுத்துவிடும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ‘இது நான் செய்தது’ என்று வீட்டுத்தலைவர் விருந்தினரிடம் கூறும்போது, அடுக்களைப் பக்கம் சற்றே திரும்பிப் பார்ப்பது நலம். ஓரத் துண்டுகளைப் பொறுக்கி வைத்தவள் மகளாக இருக்கலாம்; எழுத்தறியாத பாட்டி, பச்சையில் பத்து வகை பிரித்துக் கொடுத்திருக்கலாம். வாழ்நாளெல்லாம் மரப்பட்டையின் நிறம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது கடினமன்று. சட்டத்தின் பின்புற அட்டையில் பொருத்தியவர் அனைவரின் பெயரையும் முடித்த நாளையும் எழுதிவைக்க ஒரு நிமிடம் போதும். கெல்லி கோட்டையில் எவரும் செலவிடாத நிமிடம் அது.

இறுதித் துண்டு காணாமற்போன படத்தை மாட்டலாமா என்று கேட்போர் உண்டு. சிலர் வேறோர் அட்டையை வெட்டி, வண்ணம் தீட்டி, அவ்விடத்தை மறைக்கின்றனர். வெற்றிடம் அப்படியே இருக்கட்டும் என்பேன். விருந்தினர் கண் முதலில் அங்கேதான் செல்லும். மற்ற 999 துண்டுகளையும் விட்டுவிட்டு, ‘அது எங்கே போயிற்று?’ என்றுதான் கேட்பர். கேட்கட்டுமே. நாற்காலிக்கடியிலும் பாய்க்கடியிலும் குப்பைக்கூடையிலும் குடும்பமே மூன்று நாள் தேடிய கதையை அவர்களுக்குச் சொல்லலாம்.