கனம்

கடவுளுக்கு எதுக்குங்க இத்தனை புகழ்ச்சி?

கிறிஸ்தவ நண்பர்களிடம் பலரும் கேட்க நினைத்து, மரியாதைக்காக விழுங்கிவிடுகிற கேள்வி இது. ஜெபத்தில் மகிமை, பாட்டில் மகிமை, பிரசங்கத்தில் மகிமை. ‘என்னைப் புகழ்ந்துகொண்டே இரு’ என்று ஒரு மனிதன் கேட்டால் அவனுக்கு நாம் என்ன பெயர் வைப்போம்? ஊரெல்லாம் கட்-அவுட், மேடையெல்லாம் பொன்னாடை, மைக் பிடித்தவர் வாயிலெல்லாம் ‘வாழ்க’ என்று பார்த்துப் பார்த்துச் சலித்தவர்கள் நாம். கடவுளும் இதே ரகம்தானா என்று சந்தேகம் வருவது நியாயமே.

இதற்கான பதில் அந்த மகிமை என்கிற வார்த்தைக்குள்ளேயே இருக்கிறது.

பைபிளின் பழைய ஏற்பாட்டில் மகிமைக்கு வருகிற எபிரேயச் சொல் ‘காவோத்’. அதன் வேருக்கு என்ன அர்த்தம் தெரியுமா? எடை. பாரம். நமக்கு இது புதுசு இல்லை. ‘கனம் நீதிபதி அவர்களே’ என்கிறோம். கனம் என்றால் எடையும்தான், மரியாதையும்தான். தாய் தகப்பனை மதிக்கச் சொல்லும் கட்டளையில், பழைய தமிழ் பைபிள் ‘கனம்பண்ணு’ என்ற சொல்லைப் போட்டிருக்கிறது. எபிரேயத்திலும் அந்த இடத்தில் இருப்பது இதே வேர்தான். மொழிபெயர்த்தவருக்கு ஒரு சபாஷ்!

எபிரேய பைபிள் கிரேக்க மொழிக்குப் போனபோது, காவோத்துக்கு ‘தோக்ஸா’ என்ற சொல்லைப் பயன்படுத்தினார்கள். கிரேக்கர்கள் அதுவரை அந்தச் சொல்லை அபிப்பிராயம், ஊரில் இருக்கும் பேர் என்ற அர்த்தத்தில் புழங்கிவந்தார்கள். ஆக, மகிமை என்கிற ஒரே சொல்லுக்குப் பின்னால் இரண்டு விஷயங்கள். ஒன்று எடை, இன்னொன்று பேர்.

காமர்ஸ் படித்தவர்களுக்கு இந்த வித்தியாசம் சட்டென்று புரியும். ஓடுகிற கடையை விலைக்கு வாங்கும்போது, சரக்கு, கட்டடம் எல்லாவற்றையும் மதிப்புப் போட்டு, கடனைக் கழித்து, அதற்கு மேல் கொடுக்கிற பணத்தை ‘குட்வில்’ என்று எழுதுவார்கள். பேருக்குக் கொடுத்த விலை அது. ஒரு வதந்தி போதும், பேர் கரைந்துவிடும். குடோனில் இருக்கும் மூட்டையின் எடை வதந்தியால் குறையுமா?

கடவுளின் மகிமை எந்தக் கணக்கில் வருகிறது? யாத்திராகமம் 33-ம் அதிகாரத்தில் மோசே, மகிமையைக் காட்டும்படி கடவுளிடமே கேட்கிறார். இடி, மின்னல், சிம்மாசனம் என்று நாம் எதிர்பார்ப்போம். கடவுளோ தன் நன்மை முழுவதும் அவருக்கு முன்னால் கடந்துபோகும் என்கிறார். முகத்தைக் காட்டவில்லை. யோவானின் சுவிசேஷம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. தான் மகிமைப்படும் வேளை வந்துவிட்டது என்று இயேசு சொல்வது, சிலுவை மரணம் நெருங்கும்போது. ரோமானியர்கள் அவமானத்தின் உச்சமாக வைத்திருந்த தண்டனை அது. பேர் பூஜ்யமான இடத்தில்தான் எடை தெரிகிறது என்பது கிறிஸ்தவத்தின் துணிச்சலான கணக்கு.

வெறும் வேதாந்தம் என்று நினைத்துவிடாதீர்கள். இதை வாழ்ந்து காட்டியவர் ஒருவர் இருந்தார். பெல்ஜியத்துப் பாதிரியார் டேமியன். ஹவாய் அரசு தொழுநோயாளிகளைப் பிடித்து மொலோக்காய் தீவின் ஒரு மூலைக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். மூன்று பக்கம் கடல், ஒரு பக்கம் செங்குத்து மலை. 1873-ல், 33 வயதில் அங்கே போனார். புண்களுக்குக் கட்டுப்போட்டார், வீடு கட்டினார், சவப்பெட்டி செய்தார், குழி தோண்டினார். கடைசியில் தொழுநோய் அவரையும் பிடித்தது. 1889-ல், 49 வயதில் இறந்தார்.

அதே வருடம் ஹொனலூலுவில் இருந்த ஹைட் என்ற போதகர், டேமியனை முரடர், அழுக்கர், பிடிவாதக்காரர் என்று திட்டி எழுதிய கடிதம் பத்திரிகையில் வந்துவிட்டது. ‘ட்ரெஷர் ஐலண்ட்’ எழுதிய ஸ்டீவன்சன் அந்தத் தீவுக்கு நேரில் போய்ப் பார்த்தவர். 1890-ல் ஒரு பகிரங்கக் கடிதத்தில் ஹைடை வெளுத்து வாங்கினார். ஆனால், டேமியனிடம் குறையே இல்லை என்று ஸ்டீவன்சன் சாதிக்கவில்லை. குறைகளை ஒப்புக்கொண்டார். நீங்கள் வசதியாக வீட்டில் உட்கார்ந்திருந்தபோது அந்த மனிதர் அங்கே போனாரே என்பதுதான் அவருடைய வாதம். அதாவது, பேரைப் பற்றிய புகாருக்கு எடையைக் காட்டிப் பதில் சொன்னார். 2009-ல் கத்தோலிக்கத் திருச்சபை டேமியனைப் புனிதராக அறிவித்தது. அந்தப் பட்டத்தால் மொலோக்காயில் அவர் தோண்டிய குழிகள் ஒன்று கூடவும் இல்லை, ஹைட் திட்டியதால் ஒன்று குறையவும் இல்லை.

இப்போது முதல் கேள்விக்கு வாங்க. துதிப்பதால் கடவுளுக்கு என்ன லாபம்? ஒன்றுமில்லை. தராசு அரிசியை நிறுக்கத்தான் செய்யும். அதன் எடையைக் கூட்டாது. துதி என்பது மனிதன் தன் தராசைச் சரிபார்த்துக்கொள்கிற வேலை. எது கனமானது, எது காற்றடைத்த பை என்று பழகிக்கொள்கிற பயிற்சி.

அந்தப் பயிற்சி பலிக்காமலும் போகலாம். மகிமை என்று எழுதிய போஸ்டரில் பேசுகிறவரின் படம் ஆளுயரத்துக்கு நிற்கும்போது, அங்கே தராசு கெட்டுவிட்டது என்று அர்த்தம். இது ஒரு மதத்துக்கு மட்டும் உள்ள நோய் இல்லை.

கடவுள் நம்பிக்கை இல்லாதவர் கையிலும் ஒரு தராசு இருக்கிறது. யார் உள்ளே வந்தால் நாம் எழுந்து நிற்கிறோம், யார் வந்தால் தலையைக்கூட நிமிர்த்துவதில்லை? ஒரே ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். உங்கள் தராசு எடையைக் காட்டுகிறதா, பேரைக் காட்டுகிறதா என்று தெரிந்துவிடும்.